ஏத்துறதா, புதுசா போடுறதா

ஏத்துறதா, புதுசா போடுறதா, யோசிச்சுச் சொல்லுங்க மேடம், அரை மணி நேரத்துல திரும்பக் கூப்பிடுறேன் என்று அந்த பேங்க் பெண் சொல்லிவிட்டு வைத்ததிலிருந்து கோகிலவாணிக்கு வலது காது சூடாகவே இருந்தது. அரை மணி நேரத்தில் அவளால் எத்தனையோ முடியும். ஒரு ரோல் லேபிள் அச்சடித்து வெட்டிவிட முடியும், சமைத்து இறக்கிவிட முடியும், மாமியாரோடு ஒரு சண்டையைத் தொடங்கி முடித்துச் சிரித்துக்கொண்டே காபியும் கொடுத்துவிட முடியும். இது மட்டும் முடியவில்லை. அதுவும் இந்த ஸ்கூட்டர் சர்வீஸ் சென்டரின் வழுக்குகிற பிளாஸ்டிக் நாற்காலியில், இடது கை முழுக்க மகள் மித்து தூங்கிக் கிடக்க, கை மரத்துப்போய் யாரோ ஒருத்தர் கையைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்க, எதிரே கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவளுடைய ஸ்கூட்டர் பக்கவாட்டுத் தகடெல்லாம் கழற்றப்பட்டு வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்க, எப்படி யோசிப்பது. கைவசம் இருப்பது சாதாரண ஏர்லைன்ஸ் கிரெடிட் கார்டு. லேபிள் தொழிலுக்கு ரிப்பனும் மையும் வாங்குகிற செலவையெல்லாம் அதில்தான் தேய்க்கிறாள், தேய்க்கத் தேய்க்க மைல் ஏறும், அந்த மைலில் விமான டிக்கெட் எடுக்கலாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அது எறும்பு சேர்க்கிற மாதிரி ஏறுகிறது. அதையே பிரீமியமாக ஏற்றிக்கொள்ளுங்கள் என்றால் இன்றைக்கே ஆகிவிடும், ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள், ஆனால் சேர்கிற மைல் ஒரு சீட்டுக்குத்தான் காணும். பிரீமியத்தைப் புதிதாகக் கேட்டு வாங்கினால் வரவேற்பு மைல் என்று கொட்டுவார்கள், அவளும் மித்துவும் ஆஸ்திரேலியாவில் இருக்கிற பெர்த் வரைக்கும் போய்த் திரும்பலாம். ஆனால் புதுசு என்றால் விசாரிப்பார்கள், இல்லை என்றும் சொல்லிவிடுவார்கள். இல்லை என்று சொல்லிவிட்டால் ஏத்துறதும் கிடையாது, அந்தச் சலுகை இன்றோடு முடிகிறது. நிச்சயமாக ஒரு சீட்டா, நிச்சயமில்லாமல் ரெண்டு சீட்டா. ஒரு சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது, மித்துவைத் தலைமேல் வைக்கிற பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போகவா. நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது, சிரிப்பில் கை ஆட, மித்து உதட்டைச் சுழித்து மறுபடி அடங்கினாள்.

போன வருஷமே போயிருந்தால் தனிச் சீட்டே வேண்டியிருக்காது. ரெண்டு வயசு வரைக்கும் மடியில் உட்கார்ந்தே பறக்கலாமாம். பெற்றவள் மடிக்கு விமானத்தில் மரியாதை இருக்கிறது, ஆனால் ரெண்டு வயசோடு அந்த மரியாதை தீர்ந்துபோகிறது. இவர்கள் போவதே இன்னொரு மடியைத் தேடித்தான். காது குத்த வேண்டும் என்றால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், ஒற்றைப்படை வயசில்தான் குத்த வேண்டும். ஒண்ணில் குத்தவில்லை. இப்போது ஓடுகிற மூணாவது முடிய இன்னும் கொஞ்ச நாள்தான், விட்டால் அஞ்சு. அஞ்சில் பிள்ளை ஓடும், கடிக்கும், பொற்கொல்லர் கையை உதறிவிடும். தாய்மாமன், அவளுடைய அண்ணன் மூர்த்தியோ பெர்த்தில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறான், அங்கே நிரந்தரமாகத் தங்குகிற பேப்பர் ஓடிக்கொண்டிருக்கிறது, பேப்பர் கைக்கு வராமல் வெளியே காலை வைத்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். அவன் வர முடியாது. அதனால் இவள் போக வேண்டும். இதில் என்ன இருக்கிறது, நேர்கோடு மாதிரி இருக்கிறதே. ஆனால் வீட்டில் சொன்னபோது மாமியார் கையில் இருந்த முருங்கைக்கீரைக் காம்பைக் கீழே வைத்துவிட்டார். "ஏனம்மிணி, மாமன் சீரெடுத்துக்கிட்டு நம்மூட்டுக்கு வரோணுமா, நாம பிள்ளையத் தூக்கிக்கிட்டு மடி கேட்டு ஊரூராப் போகோணுமா? உன்ற பெரியப்பன் பையன் அவினாசியில இருக்கறானல்லொ, அவன் மடி என்ன முள்ளா?" முள் இல்லைதான். நல்ல பையன், எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிறான், கூப்பிட்டால் அன்றைக்கே புது வேட்டியோடு வந்துவிடுவான். ஆனால் அவன் மடியில் உட்காரவைத்துவிட்டால் மூர்த்தி அண்ணன் என்று ஒருத்தன் இல்லவே இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி ஆகிவிடும். இருக்கிறவனை இல்லாதவனாக்க ஒரு ஊசியும் ஒரு படமும் போதும். அந்தப் படத்தை யாராவது அவனுக்கு அனுப்புவார்கள், அவனும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலைக்குப் போவான். அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை. அதற்கு மேல் நினைப்பு போகிற இடத்தில் ஒரு கதவு இருந்தது, அவள் கதவு வரைக்கும் போய்விட்டு மைலுக்குத் திரும்பிவிடுவாள். ஒரு சீட்டு, ரெண்டு சீட்டு.

ஏத்துறதா, புதுசா. கணவன் தினகரனைக் கேட்டால் ஒரே பதில். எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்களுக்கு இமெயில் போட்டுப் போட்டு எல்லாவற்றையும் சுருக்கிப் பேசப் பழகிவிட்ட மனுஷன். "எதுக்கு வாணி ரிஸ்க்கு. இருக்கறதயே ஏத்திக்க." "அப்ப மித்துவுக்குச் சீட்டு?" "பாத்துக்கலாம்." பாத்துக்கலாம் என்பது அவன் வாயில் வந்தால் அந்த விஷயத்துக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துப் படுக்கப் போட்டாயிற்று என்று அர்த்தம். "அந்தக் கார்டு இருந்தா ஏர்போர்ட் லவுஞ்சுல உக்காந்து ஓசி சேண்ட்விச் தின்னலாமாமா, மித்துவக் கூட்டிட்டுப் போயி நாலு பொட்டலம் கட்டிக்க," என்று கேலி வேறு. நல்லவன்தான். காலையில் எழுந்து மித்துவின் பல்லைத் தேய்த்துவிடுகிறவன், லேபிள் மெஷின் மாட்டிக்கொண்டால் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே கையை விடுகிறவன். ஆனால் அவன் மச்சான் பெயரைச் சொன்னால் முகம் அயர்ன் பண்ணின துணி மாதிரி தட்டையாகிவிடும். மூர்த்தி அண்ணன் முன்பு ஒரு தடவை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வாங்க என்று டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பியிருந்தான், தினகரன் கணக்குக்கு. வந்த பணத்தை வந்த சூட்டோடு திருப்பி அனுப்பிவிட்டான் தினகரன், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூர்த்தி போனில் குரலைப் பதிந்து அனுப்பியதைக் கேட்டுத்தான் அவளுக்கே தெரியும். "பரவால்ல அம்மிணி, மாப்பிள்ளைக்கு நம்ம காசு ஆகாதாட்ட இருக்குது." சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருந்தான். அந்தச் சிரிப்பை அவள் எத்தனை தரம் திரும்பக் கேட்டிருப்பாள். சிரிப்புக்குப் பின்னால் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருமுவதும் அதில் பதிந்திருக்கும். அதிலிருந்து பேச்சு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பூப்போட்ட வாழ்த்துப் படமாகக் குறைந்துபோனது. அதனால்தான் மைல். மைல் யார் காசும் இல்லை. அண்ணன் காசு இல்லை, தினகரன் காசு இல்லை, ரிப்பன் வாங்கியபோது வழியில் கொட்டிக்கிடந்ததைப் பொறுக்கின மாதிரி. அதில் போனால் யாரும் யாரையும் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. எவ்வளவு நல்ல வழி, கண்டுபிடித்த அன்றைக்கு அவள் தனக்குத்தானே கைகொடுத்துக்கொண்டாள்.

"அக்கா." சர்வீஸ் அட்வைசர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான், சட்டைப்பையில் மூன்று பேனா, பெயர் பட்டையில் பிரகதீஸ் என்று இருந்தது. குழந்தை தூங்குவதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "பெல்ட்டு போயிருச்சுங்க. ரோலரும் தேஞ்சிருக்குது. இதுக்குச் செலவு பண்றதுக்கு எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு புது வண்டி எடுத்துக்கலாமுங்க. இப்ப ஆஃபர் ஓடுது." கோகிலவாணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏனுங்க, இன்னிக்கு ஊரே பேசி வெச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து பழசா புதுசான்னு கேக்கறீங்களா? பெல்ட்ட மாத்துங்க. ரோலரயும் மாத்துங்க. கழட்டுன பழசக் கையில குடுத்துருங்க, அப்பத்தான் மாத்துனீங்கன்னு நம்புவேன்." "அக்கா எங்க மேல நம்பிக்கையே இல்லீங்களா." "நம்பிக்க இருக்குதுங்க. பெல்ட்டும் வேணும்." அவன் சிரித்துக்கொண்டே போனான். பார், எவ்வளவு சுலபம். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஸ்கூட்டருக்கு வருகிற புத்தி கார்டுக்கு ஏன் வரவில்லை. ஸ்கூட்டர் விஷயத்தில் யாரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை, அதனால்தான். இல்லை என்கிற வார்த்தைக்கு அவள் பயப்படுகிறாளா. பள்ளிக்கூடத்தில், ஊத்துக்குளி பக்கத்து அரசுப் பள்ளியில், கணக்கு டீச்சர் கரும்பலகைக்குக் கூப்பிட்டால் தெரியாததற்கும் துணிந்து போய் நிற்கிறவள் அவள்தானே, தப்பாகப் போட்டுவிட்டு வகுப்போடு சேர்ந்து தானும் சிரிக்கிறவள். அந்தத் தைரியம் எந்த பஸ்ஸில் ஏறிப் போனது.

போன தடவைதான் காரணம், வேறென்ன. முதல் முதலாக இதே மாதிரி பெரிய கார்டு ஒன்றை வேறொரு பேங்கில் கேட்டிருந்தாள். ஒரு மத்தியானம் சட்டையை இன் பண்ணிக்கொண்டு ஒருத்தர் விசாரிக்க வந்திருக்கிறார். அவள் மித்துவுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தாள். மாடியில் லேபிள் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, தினகரனின் சித்தி பெண் நின்று ஓட்டிக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டு சரசாக்கா வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "இங்க கோகிலவாணி லேபிள்ஸ்னு கம்பெனி இருக்குதுங்களா?" சரசாக்கா தயங்கவே இல்லை. "கம்பெனியா? அதெல்லாம் இல்லீங்க. இது குடும்பம் இருக்கற வீடு." "மேல என்னமோ ஓடற சத்தம் கேக்குதே." "அது கிரைண்டருங்க. மாவாட்டறாங்க." திருப்பூரில் வாசலில் வந்து இங்கே கம்பெனி இருக்கிறதா என்று ஒருத்தன் கேட்டால் அவன் கரண்ட் ஆபீஸ் ஆள்தான், வீட்டு மீட்டரில் மெஷின் ஓட்டுகிறார்களா என்று மோப்பம் பிடிக்க வந்தவன்தான். இல்லை என்று சொல்வதுதான் அக்கம்பக்கத்துக்கு மரியாதை, இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, குழந்தைகூடச் சொல்லும். வந்தவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். கம்பெனி இல்லை. ஆள் இல்லை. சத்தம், மாவு. கார்டும் இல்லை. சரசாக்கா அன்றைக்குச் சாயங்காலம் எவ்வளவு பெருமையாகச் சொன்னார், "நான் உடுவனா, தொரத்தியுட்டேன்." கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லத்தான் முடிந்தது. அப்புறம் முறையாக வேற மீட்டர் வாங்கி மாட்டியாயிற்று, வருமானவரிக்குக் கணக்குக் காட்டியாயிற்று, பேருக்கு ஒரு போர்டுகூட எழுதியாயிற்று. போர்டை வெளியில் மாட்டத்தான் மனசு வரவில்லை, பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. தன் பெயரைத் தானே சுவரில் பார்த்தால் ஏதோ பிடிபட்ட மாதிரி இருக்கிறது. இப்போது புதுசு என்றால் மறுபடி ஒருத்தர் வருவார். சரசாக்காவிடம், மாமியாரிடம், எதிர்வீட்டு இஸ்திரிக்காரரிடம், தெருமுனை மளிகைக்கடையில், எல்லோரிடமும் இருக்குதுன்னு சொல்லுங்க, இருக்குதுன்னு சொல்லுங்க என்று வீடு வீடாக ஓட்டுக் கேட்கிற மாதிரி போக வேண்டும். ஏத்துறது என்றால் யாரும் வர மாட்டார்கள். இருக்கிறவள் இருக்கிறபடியே இருக்கலாம்.

ஆனால் ஏற்றிவிட்டால் ஏற்றினதுதான். போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அவள் அந்த நிபந்தனையைப் படித்திருந்தாள், இங்கிலீஷில் ஒவ்வொரு வார்த்தையாகக் கால்வைத்து. ஒரு தடவை ஏத்திக்கொண்டவர்களுக்கு வரவேற்பு மைல் எந்தக் காலத்திலும் கிடையாது. புதுசாக வருகிறவர்களுக்குத்தான் வரவேற்பு. பேங்க்காரனும் புகுந்த வீடும் ஒரே சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள், புதுசா வருகிறவளுக்கு ஆரத்தி, இருக்கிறவளுக்கு அடுப்படி. நல்ல வாடிக்கையாளர் மேடம் நீங்க, ஒரு மாசம்கூடத் தவறவில்லை என்று அந்தப் பெண்ணே சொன்னாள். அதற்குத்தான் ஒரு சீட்டு. தவறாதவளுக்கு ஒரு சீட்டு, யாரென்றே தெரியாதவளுக்கு ரெண்டு. லேபிளில் அச்சடிக்கிற குறிகள் நினைவுக்கு வந்தன, தண்ணித் தொட்டிக்குள் கை, முக்கோணத்தின் மேல் பெருக்கல், இஸ்திரிப்பெட்டிக்குள் ஒரு புள்ளி. ஒரு சட்டையை எப்படித் துவைக்கலாம், எப்படித் துவைக்கக் கூடாது என்று உலகம் முழுக்க ஒரே பாஷை இருக்கிறது. அண்ணனோடு எப்படிப் பேசலாம் என்பதற்கு ஒரு குறி இருக்கிறதா. முறுக்கிப் பிழியக் கூடாது. நிழலில் காயவைக்கவும். இதோ, மறுபடி கதவுக்கு வந்துவிட்டாள். மைலுக்குத் திரும்பு வாணி, மைலுக்கு. ஒரு சீட்டு எடுத்தால் மீதி ஒன்றுக்குத் தினகரன் பாத்துக்கலாம் என்பான், மூணு முடிந்துவிடும், அவினாசி மடி வந்துவிடும். ரெண்டு சீட்டு கேட்டு இல்லை என்று வந்தாலும் அவினாசி மடிதான். ரெண்டு சீட்டும் கிடைத்தால், கிடைத்தால், பெர்த்தில் போய் இறங்கி, பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, மித்துவை இறக்கிவிட்டு, அங்கே யார் நிற்பார்கள். மூர்த்தி நிற்பான், வேறு யார் நிற்பார்கள். நிற்பானா. அவனிடம் அவள் சொல்லவே இல்லை. இத்தனை வாரமாக மைல் கணக்குப் பார்த்தாள், பேங்க் பெண்ணிடம் நாலு தரம் பேசினாள், மாமியாரிடம் மல்லுக்கட்டினாள், அங்கே இருக்கிற முருகன் கோயிலில் குத்தலாமா என்று கோயில் படம்கூடத் தேடிப் பார்த்தாள், கோயிலைவிடக் கார் நிறுத்துகிற இடம் பெரிசு. அண்ணா, நான் வரட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேண்டாம் அம்மிணி, இப்ப வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டால். பேங்க் இல்லை என்றால் நாலு நாள் வருத்தம். அவன் இல்லை என்றால். கதவு திறந்தேதான் இருந்திருக்கிறது, அவள்தான் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

அங்கே இப்போது சாயங்காலம். கிழவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிற நேரம், எடுக்க மாட்டான். எடுக்காமல் போகட்டும் என்றுகூட ஒரு ஓரத்தில் இருந்தது. மரத்த கைக்குள் மித்து, மற்றக் கையின் கட்டைவிரலால் பெயரைத் தேடி அழுத்தினாள். ரெண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"வாணி? என்னாச்சு? யாருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லண்ணா."

"இந்நேரத்துல கூப்புடறே. ஊருல நம்ம அம்மா நல்லா இருக்குதா?"

"நல்லாத்தான் இருக்குது. காலையில கூட போன்ல எங்கூடச் சண்ட போட்டுது." அவன் மூச்சை விடுகிற சத்தம் கேட்டது. பின்னால் தட்டுகள் மோதுகிற சத்தம், யாரோ அவனை மூர்ட்டி, மூர்ட்டி என்று கூப்பிடுகிறார்கள். அவன் அந்தப்பக்கம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். சத்தம் நின்றது. "மித்துவுக்குக் காது குத்தோணும்ணா," என்றாள்.

"அவினாசியான் மடியில குத்தறதாப் பேசி முடிச்சாச்சுன்னு அம்மா சொல்லுச்சு," என்றான். "சரி, நல்லபடியா நடத்துங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்கல."

"யாரு முடிச்சா? நான் முடிக்கல. நீ நெனச்சுக்கோணும்ணா. நெனச்சுக்கிட்டுத் தொலைய வேண்டியதுதானே. நான் அங்க வர்றேன், மித்துவத் தூக்கிக்கிட்டு. வேண்டாம்னா இப்பவே சொல்லிப்போடு, எனக்கு பேங்க்ல இருந்து போன் வரும்."

"பேங்க்ல எதுக்குடி போன்?"

அவள் சொன்னாள். ஏத்துறது, புதுசு, ஒரு சீட்டு, ரெண்டு சீட்டு, சரசாக்காவின் கிரைண்டர் வரைக்கும் ஒரே மூச்சில். கிரைண்டரில் அவன் சிரித்துவிட்டான். இந்தச் சிரிப்புக்குப் பின்னால் யாரும் இருமவில்லை. "அடி லூசு," என்றான். "மித்துவ மடியில வெச்சுக்கிட்டு உக்கார ஒரு பாய்கூட வாங்கி வெச்சிருக்கறேன், நாற்காலியில உக்காந்து குத்தறது நல்லாவா இருக்கும். ஆரு மடின்னு நீ ஒரு வார்த்த சொல்லுவீன்னு பாத்தேன். நீ சொல்லல. நானா எப்படிக் கேக்கறது, மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டா."

"மாப்பிள்ளைய நான் பாத்துக்கறேன்." பாத்துக்கறேன் என்று தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளுக்கே வேடிக்கையாக இருந்தது, தினகரன் சொல்கிற பாத்துக்கலாம் மாதிரி இது படுத்துக்கொள்ளவில்லை, எழுந்து நின்றது. "இங்க கேளுண்ணா. புதுசாத்தான் கேக்கப் போறேன். கெடச்சா நானே வந்துருவேன். கெடைக்கலைன்னா நீ டிக்கெட்டு போடு. என்ற கணக்குக்கு அனுப்பு, அவங்களுக்கு அனுப்பாத. திருப்பியெல்லாம் அனுப்ப மாட்டேன். அவங்க கிட்ட இன்னிக்கு ராத்திரி நானே சொல்லிப்போடறேன், சோறு போடறதுக்கு முந்தியே."

"சோறு போட்டுட்டுச் சொல்லு. பசியில சொன்னா இன்னுங் கத்துவாரு."

"அதுவுஞ் சரி." அப்போதே போனுக்குள் டொக் டொக் என்று இன்னொரு அழைப்பு விழுந்தது, பேங்க் எண். "வைக்கட்டாண்ணா, அந்தப் புள்ள வந்துட்டா." "போடு போடு. தைரியமாப் போடு," என்றான் மூர்த்தி.

பேங்க் பெண் மூச்சுவிடாமல் ஆரம்பித்தாள். "மேடம், அப்கிரேட் போட்டுடலாமா? சேஃபா இருக்கும். நியூ அப்ளிகேஷன்னா ரிஜெக்ட் ஆகக்கூட சான்ஸ் இருக்கு, அப்புறம் அப்கிரேட் ஆஃபரும் போயிடும், நான் முன்னாடியே சொல்லிடுறேன்." "புதுசாவே போடுங்க," என்றாள் கோகிலவாணி. "ஷ்யூரா மேடம்?" "ஷ்யூர்தாங்க. வீட்டுக்கு விசாரிக்க ஆள் வந்தா வரட்டும், நான் இருப்பேன்." சரி மேடம், இது பதிவாகிறது, நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன், நீங்க ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று மட்டும் சொல்லணும் என்று அந்தப் பெண் படிக்கத் தொடங்கினாள், உங்கள் விருப்பத்தின் பேரிலேயே, ஆமாங்க, விவரங்களைச் சரிபார்க்க, ஆமாங்க, நிராகரிக்கும் உரிமை வங்கிக்கு, ஆமாங்க, ராத்திரி தினகரன் தட்டைத் தள்ளிவைப்பான், அப்புறம் மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான், இழுத்துக்கொள்ளாமலும் போகலாம், ஆமாங்க, கைக்குள் ரத்தம் ஊசி ஊசியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மித்து கண்ணைத் திறந்தாள், கன்னத்தில் அம்மாவின் ரவிக்கைத் தையல் பதிந்த கோடு. கொஞ்ச நேரம் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாருக்கும்மா ஆமா ஆமாங்கறே?" என்றாள்.

"உங்க மாமனுக்கு," என்று சொல்லிவிட்டு, போனைக் காதோடு அழுத்தி, அடுத்த கேள்வி முடிவதற்குள்ளேயே கோகிலவாணி ஆமாங்க என்றாள்.